பன்றித் தோலும் பாஸ்டர் காட்டிய வசனமும்

சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்களின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். எனக்கு அது வரவில்லை. இதை எழுதும்போதும் களைப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள்.

என் பெயர் எஸ்தர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் தேவராஜ் இன்னொரு கம்பெனியில் ஷூவின் உள்பக்கத்துக்கு லைனிங் தோல் வெட்டுகிறவர். எங்களுக்கு ஒரே மகன், ஜோயல். சென்னையில் வேலை. ஒரு கிறிஸ்துமஸ் லீவில் வந்தவன் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, தனக்குப் பெண் பார்க்க வேண்டாம், தன் மனம் ஆண்கள் பக்கம்தான் போகிறது, விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் என்று சொல்லிவிட்டான். நான் அழுதேன். அவர் அழவில்லை. நேரே பாஸ்டரிடம் போனார்.

பாஸ்டர் லேவியராகமத்தில் ஒரு வசனத்தைக் காட்டினார். ஆணோடு ஆண் சேர்வது அருவருப்பு என்கிற வசனம். இவர் அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுக்கொண்டு வந்தார். "மனந்திரும்பாம இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று பிள்ளையிடம் போனில் சொன்னார். அவனும் மிதிக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. குழம்பில் உப்பு கம்மி என்று ஆரம்பித்தாலும் அந்த வசனத்தில்தான் போய் முடியும்.

போன வருட ஆரம்பத்தில், ஜோயலோடு தங்கியிருக்கும் கார்த்திக் போன் செய்தான். அவன் ஜோயலுக்கு யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. "ஆன்ட்டி, ஜோயலுக்கு மஞ்சக்காமால. ஆஸ்பத்திரில இருந்து ரூமுக்குக் கூட்டினு வந்துட்டேன். எழுந்து நிக்கவே முடியல. எனக்கு இனிமே லீவு தர மாட்டேன்றாங்க."

காலை ரயிலில் ஓடினேன். பிள்ளையின் கண் மஞ்சளாக இருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. "மா, நான் வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேட்டான். தன் வீட்டுக்கு வர என் பிள்ளை அனுமதி கேட்கிறான். அப்பாவைக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"வசனம் இன்னா சொல்லுது?" என்றார் இவர்.

"அவன் ஒடம்பு இன்னா சொல்லுதுன்னு நான் சொல்றேன், கேளுங்க" என்றேன்.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரே வசனத்தப் புடிச்சினு தொங்கறேன்னுதான நெனக்கிற? அந்தப் புஸ்தகத்த மொத்தமா படிச்சிக் காட்றேன், பாரு!"

அன்று மெஷினில் தைத்துக்கொண்டே ஜெபித்தேன். "ஆண்டவரே, என் பிள்ளை அவன் வீட்டில் படுக்க வேண்டும். வாதாட எனக்குத் தெம்பு இல்லை. நீரே பேசும்." அவ்வளவுதான்.

விசுவாசிகளே, நம் பழக்கம் உங்களுக்கே தெரியும். ஜனவரியில் ஆதியாகமத்தில் ஆரம்பிப்போம். லேவியராகமம் வந்ததும் கொட்டாவி விட்டு, நைசாகச் சங்கீதத்துக்குத் தாவிவிடுவோம். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். இந்த முறை ரோஷத்தில் அன்று இரவே முதல் அதிகாரத்திலிருந்து குடும்ப ஜெபத்தில் சத்தமாக வாசித்தார். பலிகள், கொழுப்பு, குண்டிக்காய் எல்லாம் தாண்டிப் பதினோராம் அதிகாரம் வந்தது. ஒட்டகம், முயல், அடுத்தது பன்றி. தின்னவும் கூடாது, அதன் செத்த உடலைத் தொடவும் கூடாது. அவர் குரல் நின்றுவிட்டது.

ஏன் என்றால், அவர் வெட்டுகிற லைனிங் பன்றித் தோல். கம்பெனியில் பாய்மார்கள் அதைத் தொட மாட்டார்கள். அதனால் எப்போதும் இவர் மேஜைக்குத்தான் வரும். பக்கத்து மேஜை ரஹீம் பாய் இவருடைய தோஸ்த். "உங்க பழைய வேதத்துலயும் ஹராம்தான் தேவராஜு" என்று அவர் சொல்லும்போதெல்லாம், "அதெல்லாம் எங்களுக்கு இல்ல பாய்" என்று இவர் பெருமையாகச் சொல்வார்.

"இது இங்கயா இருக்குது?" என்று என்னைக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் காரியம் கெட்டுப்போகும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடம் போனோம். "ஐயா, பன்னித் தோலத் தொடக் கூடாதாமே? நான் கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து அதத்தான் வெட்டினு இருக்கேன்."

பாஸ்டர் தோளில் தட்டினார். "அது பழைய பிரமாணம் தம்பி. இயேசு நிறைவேத்திட்டாரு. நீ தாராளமா வேல செய்."

"என் புள்ளைக்குக் காட்டின வசனமும் அதே புஸ்தகம்தான ஐயா? நாலு தாள் தள்ளி."

"அது ஒழுக்கம், இது சடங்கு. புதிய ஏற்பாட்டுல பவுலும் அதத் தப்புன்னு சொல்லியிருக்காரே" என்று பாஸ்டர் பொறுமையாக விளக்கினார். அவர் கெட்டவர் இல்லை. நம்பித்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

பைக்கில் வரும்போது பாலாற்றுப் பாலத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தினார். "எனக்குன்னா அந்தப் புஸ்தகம் செல்லாது, அவனுக்குன்னா செல்லும். இது இன்னா நியாயம் எஸ்தரு?" நான் வண்டியை விட்டு இறங்கினேன். "பவுலப் பத்தி எனக்குத் தெரியாது. தோலுன்னா கீறல், ஓட்ட பாத்துக் கழிச்சிப் போட்டுடுவேன். பெத்த புள்ளய எப்டி கழிக்கறது? கார் பேசறேன். கூட்டினு வந்துடலாம்."

நான் கேட்ட ஜெபத்துக்குப் பதில் இதுதான். பாலத்தில் நின்றபடியே ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஜோயல் வந்தான். அவனை நடக்கவைத்துக் குளிக்கக் கூட்டிப்போனது அவன் அப்பாதான். நான் மோரும் கஞ்சியும் கொடுத்தேன். டாக்டர் மாத்திரையும் கொடுத்தார். கர்த்தர் எழுப்பிவிட்டார். கார்த்திக் பார்க்க வந்தபோது இவர் வெகுநேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாப்ட்டியா?" என்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சபையில் பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்தும் பொறுப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். சிலர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். என் வீட்டுக்காரருக்கு மகனை இன்னும் முழுதாகப் புரியவில்லை. எனக்கும்தான். ஆனால் அவன் மாதாமாதம் வருகிறான். அவர் ஸ்டேஷனுக்குப் போய் நிற்கிறார்.

வாசலுக்கு வெளியே ஒரு பிள்ளையை நிறுத்திவைத்திருக்கும் தகப்பன்மாரே, தாய்மாரே, ஆண்டவரிடம் கேளுங்கள். உங்களுக்குத் தெம்பு இல்லாவிட்டாலும் அவர் பேசுவார். எங்களிடம் வாதாட வேண்டும் என்றாலும் வாருங்கள், காபி போட்டுத் தருகிறேன். அந்தப் புத்தகத்தை மட்டும் முதல் பக்கத்திலிருந்து வாசித்துவிட்டு வாருங்கள்.