கிழக்குச் சுவரின் ஊற்று

அம்புஜம் உட்கார்ந்து காபி குடித்ததை யாரும் பார்த்ததில்லை. டம்ளரோடு கிணற்றடிக்குப் போவாள். பாதிக் காபி வழியிலேயே ஆறிப்போகும். கல்படிகளில் இறங்கி, தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்தால்தான் அடுப்பு வேலை ஓடும். பார்த்த பிறகும் ஓடாது என்பது வேறு விஷயம். ஐந்து வருஷத்துக்கு முன்பெல்லாம் ஐப்பசி மாதத்தில் ஏழாவது படியை நனைத்த கிணறு அது. 1996 ஐப்பசியில் பத்தொன்பதாவது படியும் வெளியே தெரிந்தது.

ஆனைமலைக்குத் தெற்கே, மலை இறங்கி முடிகிற இடத்தில் தோட்டம். கீழே நூற்றிருபது தென்னை, அதற்கு நடுவில் கிணறு. மேற்குச் சரிவில் நான்கு ஏக்கர் செம்மண். முன்பு நிலக்கடலை போட்ட இடம், ஐந்தாறு வருஷமாகத் தேக்கு. கிழக்கே ஒன்றரை ஏக்கர் கரடு. டிராக்டர் ஏறாத கல்லுக்காடு என்பதால் அங்கே ஆவாரையும் சூராமுள்ளும் உசிலையும் தம் இஷ்டத்துக்கு வளர்ந்து கிடந்தன.

அவள் கணவர் லட்சுமணசாமிக்குத் தோட்டம் கூட்டின வாசல் மாதிரி இருக்க வேண்டும். தேக்குக்கு அடியில் ஒரு புல் முளைக்க விடமாட்டார். உதிர்ந்த இலையைக் கூட்டித் தீ வைப்பார். வருஷத்துக்கு இரண்டு உழவு. டிராக்டர் திரும்பச் சுளுவாக இருக்கும் என்று மேலிருந்து கீழாக. பொள்ளாச்சி பஸ்ஸில் போகிறவர்கள் தலையைத் திருப்பிப் பார்க்கும்போது அவர் கை மீசைக்குப் போகும். அந்தச் சுற்று வட்டாரத்தில் களை முளைத்த தோட்டத்துக்காரனுக்குப் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள்.

கரடு மட்டும் அவர் கண்ணை உறுத்தியது. வியாழக்கிழமை ஆள் விட்டு வெட்டி, தீ வைத்து, அங்கும் தேக்கு நடுவதாக முடிவு செய்திருந்தார்.

"ஏனுங்க, அதைக் கொஞ்சம் விட்டுப்போடுங்களே" என்றாள் அம்புஜம், சோறு போட்டபடி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள்தான். தோட்டத்துப் பேச்சு என்றால் இருவருக்கும் தமிழ் வந்துவிடும்.

"எதுக்கு? பன்னி குட்டி போடவா?"

"கெணத்துல மேக்குப் பக்கத்து ஊத்து மூணும் செத்துப்போச்சுங்க. கெழக்குச் செவுத்துல ஒண்ணுதான் கசியுது. அதுக்கு மேலதானுங்க கரடு இருக்குது."

"மழை பேயல, ஊத்து செத்துது. மரம் வெச்சா மழை வரும்னு ஊரே சொல்லுது. நீ மரத்தைக் கண்டு பயந்துக்கறே."

"போன வருசம் பேஞ்சுதுங்களே."

"அம்புஜம், உனக்குக் கால்ல சக்கரம். சும்மா இருக்க முடியாம எதையாச்சும் கெளப்பறே. ரசம் ஊத்து."

அவள் ரசம் ஊற்றினாள். கிழக்கு ஊற்றும் நின்றால் சித்திரைக்குள் தென்னை குருத்து சாயும் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏன் நிற்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ரசச் சட்டியை மூடி வைத்தாள்.

புதன்கிழமை மதியம் வானம் கறுத்து ஒரு மணி நேரம் ஊற்றியது. சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு அம்புஜம் வெளியே போனாள். தேக்குக்குள் நின்றாள். முறம் போன்ற இலைகளில் மழை கூடிக் கூடி, கோலிக்குண்டு பருமனில் விழுந்தது. விழுந்த இடமெல்லாம் வெறும் மண்ணில் குழி. உழவுசால் ஒவ்வொன்றும் வாய்க்காலாகி, டீத்தண்ணி நிறத்தில் மண்ணை அள்ளிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடியது. கரட்டுக்கு ஓடினாள். அங்கே சரிவு இன்னும் செங்குத்து. தண்ணீர் இன்னும் வேகமாக இறங்கியிருக்க வேண்டும். ஆனால் ஓட்டமே இல்லை. பொடி இலைகளில் சிதறி, சருகில் இறங்கி, கறையான் புற்றுக்கும் வேருக்கும் இடையில் எங்கோ போய்க்கொண்டிருந்தது. திரும்பத் தேக்குக்குப் போனாள். மறுபடி கரடு. மழை விட்ட பிறகும் நடந்துகொண்டேயிருந்தாள். பார்த்ததைச் சொன்னால் அவர் நம்பமாட்டார். காட்ட வேண்டும்.

வியாழன் காலை ஏழு மணிக்கே மேஸ்திரி திருமூர்த்தி ஆறு பேரோடு வந்து கரட்டின் மேல் முனையிலிருந்து வெட்ட ஆரம்பித்துவிட்டான். அரிவாள் சத்தம் கேட்டதும் அம்புஜம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தேக்குக்குள் ஒரு குழி வெட்டினாள். மேலே நாலு விரல் ஈரம், அதற்குக் கீழே புழுதி. கரட்டின் கீழ் முனையில் இன்னொன்று வெட்டினாள். அதற்குள் மேலே கால்வாசி மொட்டையாகியிருந்தது.

"ஏனுங்க, இங்க ஒரு நிமிசம் வாங்க."

"ஆளுக நிக்கறாங்க, என்ன இப்ப?"

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். குழியில கையை மட்டும் உடுங்க."

லட்சுமணசாமி அவள் பின்னால் நடந்து போய், முதலில் தேக்குக் குழியில் கையை விட்டார். கைநிறையப் புழுதி வந்தது. நேற்று அவ்வளவு பெய்த மழை. கரட்டுக் குழியில் முழங்கை வரை விட்டார். எடுத்தபோது மண் பிசைந்த மாவாக ஒட்டியிருந்தது. அதை வேட்டியில் துடைக்கப் போனவர், துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மேலே வெட்டப்பட்டுக் கிடந்த பக்கத்தைப் பார்த்தார்.

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னனுங்களே."

அவர் கரட்டில் ஏறினார். அம்புஜம் பின்னாலேயே ஏறினாள்.

"திருமூர்த்தி, போதும். ஆளுகளை எறக்கு."

"ஏனுங்க பண்ணாடி, இன்னும் முக்காவாசி கெடக்குதுங்களே?"

லட்சுமணசாமி தொண்டையைச் செருமினார். "பாம்பு கெடக்குது. பெருசு. இப்பத்தான் பார்த்தேன்."

"பாம்புங்களா? நாங்க பார்க்காத பாம்புங்களா? ஒரு தட்டுத் தட்டுனா ஓடிரப்போவுது."

"வேண்டாம்னா வேண்டாம்."

அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிய ஆட்களில் ஒருவன், "பண்ணாடிக்கு வேட்டி நனைஞ்சுபோச்சாட்ட இருக்குது" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் டீக்கடைக்கு இது போய்ச் சேரும். பக்கத்துத் தோட்டத்துக் கோபாலசாமி ஒரு மாதத்துக்கு விடமாட்டான். அவருக்கும் அது தெரியும். காது மடல் சிவந்தது. வெட்டிப்போட்ட தழையைக் காலால் ஒதுக்குவது போல் குனிந்துகொண்டார்.

"தீ வைக்கோணுங்களா?" என்று கீழேயிருந்து திருமூர்த்தி கேட்டான்.

"அப்படியே கெடக்கட்டும்."

ஆட்கள் வண்டிப்பாதையில் மறையும் வரை அம்புஜம் பொறுத்திருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"அப்ப, தேக்குக்குள்ள உழவுங்க? அதைக் குறுக்கால ஓட்டுனா..."

"அம்புஜம்."

"சருகும் கூட்டாம உட்டா..."

"ஒரு நாளைக்கு ஒரு பாம்பு போதும்" என்றார் லட்சுமணசாமி.

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் மண்வெட்டி கையில்தான் இருந்தது. தேக்குச் சரிவின் மேல்முனைக்கு நடந்து போய், முதல் உழவுசாலுக்குக் குறுக்கே மண்ணை வெட்டிப் போட்டு அணை கட்ட ஆரம்பித்தாள்.