முன்னாலேயே போகும் சேதி

மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்தவன் நான். கிரிவலப் பாதையில் இரண்டு டீக்கடை போட்டேன். செங்கம் ரோட்டில் ஒன்று, மலைக்குப் பின்னால் ஒன்று. எங்கள் தெருவில் முதலில் செல்போன் வாங்கியதும் நான்தான். பின்கடையைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். என்ன பிரயோஜனம்? பௌர்ணமி வந்தால் அத்தனை ஜனமும் ஒரே நேரத்தில் போனைக் காதில் வைக்கும்; எங்கள் போன் இரண்டும் வெறும் கட்டைதான்.

அப்படியொரு பௌர்ணமி மதியம், செங்கம் ரோட்டுக் கடையில் பால் கேனைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. டீ மாஸ்டர் என்னைப் பெஞ்சில் படுக்க வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. நடந்து போனவர்கள் பார்த்தார்கள். பார்த்தவர் முன்னால் போகிறவரிடம் சொல்ல, அவர் அடுத்தவரிடம் சொல்ல, சேதி மலைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தபோது எனக்கு நெஞ்சுவலி வந்து பேச்சே நின்றுபோயிருந்தது.

இப்படி ஆகும் என்று படுத்தபோதே தெரியும். பின்கடையில் இருக்கும் மனைவிக்கு ரத்தக்கொதிப்பு வேறு. கூப்பிட்டால் போகவில்லை. "ஒண்ணுமில்ல, இடுப்புதான்னு மெசேஜ் அடிச்சி உடுப்பா" என்றேன் மாஸ்டரிடம். அடித்தார். போனதா இல்லையா என்று அந்தப் போனுக்கே தெரியவில்லை. நடந்து போனவர்களிடமும் சொல்லி அனுப்பிப் பார்த்தேன். கடைக்காரன் நன்றாக இருக்கிறான் என்பதை எவன் மெனக்கெட்டுச் சொல்லுவான்?

பௌர்ணமியன்று அந்தப் பாதையில் வண்டியும் விடமாட்டார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டே பின்கடைக்கு நடந்தேன். கடை சாத்தியிருந்தது.

"அம்மா அப்பவே அழுதுகினே ஓடிச்சே" என்றார் பக்கத்து இளநீர்க்காரர்.

"எந்தப் பக்கம்? வழியில நான் பாக்கலையே!"

"முன்னாலதான். திரும்பிப் போனா கிட்டன்னு நான்கூட சொன்னேன். 'அவரு உசுரு ஊசலாடுது, இந்த நேரத்துல சாமியை எதிர்ப்பக்கமா சுத்துவேனா'ன்னு கேட்டுச்சு."

தலையில் அடித்துக்கொண்டேன். ஊருக்குள் போய்ச் சுற்றிக்கொண்டல்லவா செங்கம் ரோட்டுக்குப் போவாள்! கடையைத் திறந்தால் அவளுடைய மாத்திரை டப்பா கல்லாப் பக்கத்திலேயே கிடக்கிறது. துரத்திப் போக இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்து போனை அமுக்கி அமுக்கி விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

பொழுது சாயும்போது வந்தாள். முன்கடையில் மாஸ்டர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்தும் வலமாகவே நடந்து, முழு மலையையும் சுற்றி முடித்திருந்தாள். மாத்திரையை நீட்டினேன். வாங்கி விழுங்கினாள்.

"பொணமா கிடப்பீங்கன்னு ஓடுறேன், நீங்க இங்க ஜம்முனு குந்திக்கினு இருக்கீங்க. இன்னாத்துக்கு இந்தப் போனு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் இடுப்பில் செருகியிருந்த போன் கிணுகிணுத்தது. எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஒண்ணுமில்ல... இடுப்புதான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பதிலு போடட்டுங்களா?"