ஜூடிக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல்

அந்த வீட்டு நாய்க்கு நான்கு சீப்புகள் இருந்தன. முதுகுக்கு அகலப் பல் வைத்தது, காதுக்கு நெருக்கப் பல் வைத்தது, வாலுக்குத் தனியாக ஒன்று. நான்காவது எதற்கென்று நான் கேட்கவே இல்லை. கேட்டால், இதுகூடத் தெரியாதவளா என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயம். மட்டாஞ்சேரியில் எங்கள் ஒற்றை அறையில் நான்கு பேருக்கு ஒரே மரச்சீப்பு, அதிலும் இரண்டு பல் கிடையாது. ஊரில் இருக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள். நம் பக்கத்தில் நாய் மழையில் நனையும், வெயிலில் காயும், அதுதான் அதன் குளியல். இங்கே கோட்டைக் கொச்சியில் நாயைக் குளிப்பாட்டி, வாரி, நகம் வெட்டி, காது துடைத்துவிட ஆள் வைத்திருந்தார்கள். அந்த ஆள் நான். சுதந்திரம் வந்து பத்து வருடம் ஆகியும் தேயிலைக் கம்பெனித் துரைமார் சிலர் ஊர் திரும்பாமல் இருந்த காலம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து என்னைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தவர் மிளகுக் கிட்டங்கியில் மூட்டைக்கு எண் போடுகிறவர். ஒருநாள் வாசலில் உட்கார்ந்து மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் வாங்கிக்கொண்டு அந்த வழியே போன ஔசேப்பு சேட்டன் நின்று பார்த்தார். அவர் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வீட்டில் சமையல்காரர். நாம் துரைசாணி என்போமே, அவர்களை இங்கே மதாம்மா என்பார்கள்.

“தங்கச்சிக்கு நல்ல கையாணு,” என்றார். “எங்க மதாம்மாவோட நாய்க்கும் மேலெல்லாம் உண்ணி. எடுக்க வருமோ?”

வீட்டுக்காரர் சிரித்தார். “ஏளா, கடிச்சா தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி. நீ படிச்ச அஞ்சாங்கிளாஸ் அதை எண்ணுததுக்குப் போதும்.”

முதல் நாள் பதினான்கையும் எண்ணிக்கொண்டேதான் போனேன். பஜார் தெருவில் சுக்கு நெடியும் மிளகு நெடியும் கூடவே வந்து, கடற்கரைப் பக்கம் திரும்பியதும் நின்றுவிட்டன. ஜூடி கடிக்கவில்லை. தேன் நிறம், இரட்டைச் சடை போட்ட பிள்ளை மாதிரி தொங்கும் காதுகள். பின்கட்டு வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்தால் தன் தலையை என் மடியில் வைத்துவிடும். நான் வாருவேன். வேலிக்கு அப்பால் தண்ணீர் மினுங்கும். கப்பல்கள் நகர்கின்றனவா நிற்கின்றனவா என்று தெரியாது. “அந்தப் பக்கம் காட்டுடி, கழுதை,” என்று தமிழில் சொல்வேன், காட்டும். சில நாள் நான் நாயைத்தான் வாருகிறேனா, யாரோ என் தலையை வாருகிறார்களா என்றே மறந்துபோகும். அப்புறம் இன்னும் மூன்று வீடுகள் கிடைத்தன. ஒரு சேட்டு வீட்டு வெள்ளைப் பூனையும் என் கைக்கு வந்தது.

இரண்டாம் வருடம் ஜூடியின் முதுகில் முடி கொட்டியது. தோல் வறண்டு செதில் செதிலாக உரிந்தது. மாட்டு டாக்டர் எர்ணாகுளத்திலிருந்து படகில் வந்து மஞ்சள் களிம்பு கொடுத்தார். அவர் போன பிறகு ஔசேப்பு சேட்டன் தேங்காய் துருவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். இரண்டு மாதத்தில் மதாம்மா குடும்பம் கப்பலேறுகிறது. தோல் ஆறாவிட்டால் நாய்க்கு டாக்டர் கையெழுத்துப் போடமாட்டார், கப்பலில் ஏற்றமாட்டார்கள். தெரியாதவர் கையில் விட்டுப்போக மதாம்மாவுக்கு மனசில்லை. ஓர் ஊசி போட்டு ஒரேயடியாக உறங்க வைத்துவிடுவார்களாம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. தினம் ஜூடியைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பவள் நான்தானே, என் கைதான் அதன் தோலைக் காயவைத்துவிட்டதோ? யாரிடம் கேட்பது? நம் வீட்டில் தோல் வறண்டால் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். இங்கே எல்லாம் தேங்காயெண்ணெய். செட்டியார் கடையில் நல்லெண்ணெய் வாங்கினேன். மறுநாள் வியாழன். ஜூடி பெண்ணாயிற்றே என்று வெள்ளி வரை பொறுத்தேன்.

மதாம்மா வெளியே போயிருந்தார். எண்ணெயைக் காய்ச்சினேன். புண் எரியுமே என்று மிளகு போடவில்லை. உச்சியிலிருந்து வால் வரை சூடுபறக்கத் தேய்த்து ஊறவைத்தேன். சீயக்காய் கண்ணில் பட்டால் அதற்குச் சொல்லத் தெரியாதே என்று பயத்தமாவு போட்டு அலசினேன்.

ஔசேப்பு சேட்டன் எட்டிப் பார்த்தார். “எந்தாணிது? நாயை வறுக்கான் போவாணோ?”

குளித்த அலுப்பில் ஜூடிக்குக் கண் சொருகியது. எண்ணெய் தேய்த்த அன்று பகலில் தூங்கலாமா? மோவாயைப் பிடித்து நிமிர்த்தினேன். அது சாயும், நான் உலுக்குவேன். வெயிலில் எனக்கும் இமை இழுத்தது. இருவரும் மாறி மாறித் தலை ஆடிக்கொண்டிருக்கும்போது மதாம்மா வந்து நின்றார். முடியெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிய நாயையும், அதைத் தூங்கவிடாமல் உலுக்கும் என்னையும் பார்த்தார்.

“ஒய்? ஒய் நோ ஸ்லீப்?”

“எண்ணெய் தேச்ச அன்னிக்குத் தூங்குனா காய்ச்சல் வரும்னு சொல்லுங்க சேட்டா.”

“நாய்க்கோ?”

“நாய்னா உடம்பில்லையா?”

அவர் இங்கிலீஷில் சொன்னதில் ‘பீவர்’ மட்டும் எனக்குப் புரிந்தது. மதாம்மாவுக்கும் அதுவே போதுமாயிற்று. நாய்க்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று நினைத்து அதை வாரி எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து வாசலைக் காட்டினார்.

அந்த வாரம் முழுக்க, தெருவில் காக்கிச் சட்டை தெரிந்தாலே கதவைச் சாத்தினேன். நாய் செத்திருக்குமோ, வீட்டுக்காரர் வேலைக்கு ஏதும் வருமோ என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அடுத்த வியாழக்கிழமை ஔசேப்பு சேட்டன் வந்தார்.

“நாளைக்கு வெள்ளியாழ்ச்சயல்லே? மதாம்மா வரச் சொல்லியிருக்கு. எண்ணெயும் எடுத்துக்கோ.”

ஜூடி சொறிவது நின்றிருந்தது. களிம்பின் வேலையா, எண்ணெயின் வேலையா, அறியேன். அப்புறம் ஐந்து வெள்ளிக்கிழமைகள். நான் மோவாயைத் தாங்கிப் பிடிக்க, மதாம்மா எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து “நோ ஸ்லீப், ஜூடி” என்று கூடவே அதட்டினார். வழுக்கை விழுந்த இடத்தில் பூனைமயிர் மாதிரி முடி துளிர்த்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார். சந்தோஷத்தில் வீடுவரை ஓடினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், இனி அது போய்விடும் என்பது உறைத்தது.

புறப்பட்ட அன்று மதாம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வண்டி மறைந்ததும் ஔசேப்பு சேட்டன் சொன்னார், “அங்கே போனா ஜூடிக்கு நேரே வீட்டுக்குப் போகான் பற்றில்லா, விடமாட்டாங்க. ஆறு மாசம் கூண்டிலாணு. வேற நாட்டு நாயாச்சே, ரோகம் உண்டோன்னு பாக்கணும்.”

“அது அவங்க ஊர் நாய்தானே சேட்டா?”

“அது மூணாறில பிறந்ததாணு தங்கச்சி.”

நான் அதை இத்தனை நாளும் இங்கிலாந்துக்காரி என்றே நினைத்திருந்தேன். இங்கிலாந்து எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. ஊருக்குப் போனால் என்னை மலையாளத்துக்காரி என்கிறார்கள். இங்கே தெருக்குழாயில் என் குடத்தை நகர்த்தி வைக்கும்போது பாண்டிக்காரி என்கிறார்கள். சேட்டு வீட்டுப் பூனையை வாரிக்கொண்டிருக்கும்போது சில பகல்களில் அந்தக் கூண்டு தெரிகிறது. வெளியே பனி பெய்கிறது. யாரோ ஒருவர் இங்கிலீஷில் கூப்பிட்டுக்கொண்டே சோறு வைக்கிறார். ஜூடி எழுந்து வாலை ஆட்டுகிறது, இரண்டடி வைக்கிறது. பிறகு கூண்டின் நடுவில் நின்று, அந்த ஆள் இல்லாத பக்கமாகத் தலையைத் திருப்பி, ‘கழுதை’ என்று யாராவது கூப்பிடுகிறார்களா என்பதுபோல் காதை மட்டும் தூக்குகிறது.