சுவரில் மிதந்த நாற்பது பேர்

2007-ஆம் வருஷம், திருவண்ணாமலை. அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தேன் என்பது உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி. 1989-ல் இரண்டு பிரஷ், மூன்று டப்பா எனாமல் பெயிண்டோடு கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி இந்த ஊரில் இறங்கினேன். பத்தே வருஷத்தில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த கடைப் பலகைகளில் பாதிக்கு மேல் என் கைவேலை. அரிசி மில் நெற்றியில் லட்சுமி, லாரி முதுகில் மயில், நர்சரிப் பள்ளிச் சுவரில் யானைக் கூட்டம், எல்லாம் நான்தான். குரு கிடையாது. காலண்டரைச் சுவரில் மாட்டி, பார்த்துப் பார்த்து வரைந்தே கற்றுக்கொண்டேன். ஃப்ளெக்ஸ் போர்டு வந்தபோது மற்ற பெயிண்டர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். நான் ஒரு ஃப்ளெக்ஸ் மெஷினையே வாங்கிப் போட்டேன். என்னிடம் ஒன்பது பேர் வேலை பார்த்தார்கள். வேங்கிக்காலில் மாடி வீடு கட்டினேன். அந்த வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலை முழுசாகத் தெரியும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு ரகசியம் இருந்தது. எனக்குப் பாதம் வரைய வராது.

சாமி படம் என்றால் தாமரைப்பூவை முன்னால் இழுத்து மறைத்துவிடுவேன். தலைவர் படம் என்றால் வேட்டியை நீளமாக்கிவிடுவேன். சாதாரண ஜனம் என்றால் இருக்கவே இருக்கிறது புல். பதினெட்டு வருஷம் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும், அவள் வெளியே சொல்ல மாட்டாள்.

அந்த வருஷம் எங்கள் ஊர்ப்பக்கத்து மணிலாக்கொட்டை வியாபாரி ஒருவர் இங்கே கல்யாண மண்டபம் கட்டினார். சாப்பாட்டுக் கூடத்தின் நீளமான சுவரில் கிரிவலக் காட்சி வேண்டும் என்றார். ஆணும் பெண்ணுமாக நாற்பது பேர், பின்னால் மலை. முப்பது நாளில் முடிக்கிறேன் என்று மார்தட்டி ஒத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கிரிவலம் செருப்பில்லாமல் போவது. நாற்பது பேருக்கு எண்பது பாதம்.

வழக்கம்போலப் புல்லை வைத்தேன். மண்டபத்துக்காரர் வந்து பார்த்தார்.

"தார் ரோட்ல ஏதுய்யா இம்மாம் புல்லு? நம்ம மாட்டை ஓட்டியாந்தா ஒரு வாரம் மேயும். எடு அதை."

எடுத்தேன். காலண்டரில் இருந்த நாலைந்து பாதங்களைப் பார்த்து எல்லோருக்கும் மாட்டிவிட்டேன். சித்திரை மாசக் கடைசியில் அவரும் அவருடைய வீட்டம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்துக்கொண்டே போனார்.

"பெயிண்டர், தப்பா நினைச்சுக்காதீங்க. இவங்கல்லாம் நடந்து போறாங்களா, இல்ல மேல கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கீங்களா?"

மண்டபத்துக்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அட ஆமா. ஒருத்தன்கூடத் தரையில இல்லியேப்பா." அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. "ஆவணியில என் பொண்ணு கல்யாணம் இங்கதான் நடக்கப் போவுது. அதுக்குள்ள இவங்களைத் தரையில எறக்கு. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, மெட்ராஸ்லேர்ந்து ஆள் கூட்டியாறேன்."

மெட்ராஸ் ஆள் வந்து என் சுவர்மேல் சுண்ணாம்பு அடித்தால், பதினெட்டு வருஷமாகச் சேர்த்த பேர் ஒரே நாளில் போய்விடும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அதற்கப்புறம் நான் எப்படி உட்காருவது?

தேரடித் தெருப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. கம்ப்யூட்டர் படித்த ஒரு பெண் தனியாக நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் கடைப் பலகை நான் எழுதியது. பாதங்களின் படம் இருந்தால் எடுத்துக் கொடும்மா, பார்த்து வரைந்துகொள்கிறேன் என்று கேட்கப் போனேன். அந்தப் பெண் தேடும்போது வேறொன்று அகப்பட்டது. படம் வரைகிறவர்கள் பழகுவதற்கென்றே ஒரு இடம். ஒரு ஆள் நிற்கிற, குனிகிற, நடக்கிற போட்டோ திரையில் வரும். முப்பது விநாடியில் மறைந்து அடுத்த போட்டோ வரும். அதற்குள் வரைந்துவிட வேண்டும். வரைந்ததை ஸ்கேன் செய்து போட்டால், பல நாட்டிலிருந்தும் வரைகிறவர்கள் பார்த்துவிட்டுக் குறைநிறை எழுதுவார்கள்.

"அண்ணா, இதுல துணி இல்லாத ஆளுங்களும் வருவாங்க. துணி போட்டவங்க மட்டும் போதும்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல டிக் அடிச்சுட்டேன்" என்றார். நல்ல காரியம் செய்தார். என் முதுகுக்குப் பின்னால் நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஒரு அம்மா, மகனுக்கு ஈமெயில் அனுப்ப உட்கார்ந்திருந்தார்.

முப்பது விநாடி என்று பேர். எங்கள் ஊர் இன்டர்நெட் வேகத்தில் போட்டோ தலையிலிருந்து மெல்ல மெல்ல இறங்கி வரும். கால் வந்து சேரும்போது பத்து விநாடிதான் பாக்கி இருக்கும். அந்தப் பத்து விநாடியில் நான் பென்சிலை ஓட்டுவேன். தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் இதே வேலை. நல்லதாக நாலு தாளை எடுத்து அந்தப் பெண் ஏற்றிவிடுவார். மறுநாள் வந்த பதில்களை எனக்குத் தமிழில் சொல்வார்.

"என்னம்மா சொல்றாங்க?"

"நல்லாயிருக்குன்னு சொல்றாங்கண்ணா. ரொம்பப் பழகின கையோட கோடாம். காலை மட்டும் கொஞ்சம் கவனிங்கன்றாங்க."

அப்படியே மூன்று வாரம் போனது. இரண்டு பேர் தவறாமல் எழுதினார்கள். ஒருவர் பேருக்குப் பதிலாகப் பூனைப் படம் வைத்திருந்தார். இன்னொருவர் ஏதோ குளிர் தேசத்தில் நர்ஸாக இருக்கிறவராம். நான் டீக்கடையில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். வெளிநாட்டுக்காரனே என் கோட்டை மெச்சுகிறான், இந்த ஊரில் ஒரு டீச்சரம்மா குறை சொல்ல வந்துட்டாங்க என்று. சொன்னதோடு விட்டேனா? நேராக மண்டபத்துக்குப் போய், "அம்மா, நீங்களே வந்து உங்க கண்ணால படிச்சுப் பாருங்க" என்று அந்த டீச்சரம்மாவையே பிரவுசிங் சென்டருக்கு அழைத்து வந்தேன்.

கடைப் பெண்ணின் முகம் வெளுத்தது. "இன்னிக்கு நெட் ஸ்லோவா இருக்கு டீச்சர்" என்றார். டீச்சரம்மா, பரவாயில்லை என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். படித்துப் படித்துத் தமிழில் சொன்னார். வகுப்பில் பாடம் நடத்துகிற அதே குரல். கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"இந்த ஆளுக்குப் பாரமே இல்லையாம். கொடியில காயப்போட்ட சட்டை மாதிரி இருக்கறாராம். இது பூனை." அடுத்ததைப் படித்தார். "இது நர்ஸ். இவர் எந்தக் கால்மேல நிக்கறாருன்னு கேக்கறாங்க. இடுப்பு இப்படி இருந்தா இவரை நான் ஸ்ட்ரெச்சர்ல வெச்சுத்தான் தள்ளிக்கிட்டுப் போகணும்ங்கறாங்க." அதற்கும் கீழே போனார். "மூணு வாரமா ஒரே விஷயத்தையே எழுதறேன், இவர் நன்றி, நன்றின்னு மட்டும் பதில் போடறார், திருத்திக்கவே மாட்டேங்கறார்னு கேக்கறாங்க பெயிண்டர்."

அந்த நன்றி எல்லாம் கடைப் பெண் எனக்காகப் போட்டது.

சிரித்தவர்கள் சிரித்தார்கள். டீச்சரம்மா சிரிக்கவில்லை, அது அதைவிட மோசமாக இருந்தது. நான் கடைப் பெண்ணைப் பார்த்து, "என்னம்மா இப்படி என்னை ஏமாத்திட்டே?" என்று கேட்டேன்.

"முதல் நாள் எழுதினதை அப்படியே சொல்லியிருந்தா ரெண்டாம் நாள் வந்திருப்பீங்களாண்ணா?"

பதில் தெரிந்த கேள்வி அது. கடையை விட்டு இறங்கி வந்துவிட்டேன்.

இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. மூன்றாம் நாள் யோசித்தேன். இந்த ஊரில் என்னிடம் குறை சொல்ல ஆளே இல்லை. வேலைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள், வாடிக்கைக்காரர்களுக்குத் தெரியாது. முகம் தெரியாத ஒரு நர்ஸ், தன் டூட்டி முடிந்து வந்து, மூன்று வாரமாக எனக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். அவருக்கு என்ன லாபம்? போனேன். கடைப் பெண்ணிடம், "இனிமே சர்க்கரை போடாம படிம்மா" என்றேன்.

நர்ஸம்மா சொன்ன வைத்தியம் இதுதான். கண்ணாடி முன்னால் நில். ஒரு காலைத் தூக்கு. இடுப்பு எந்தப் பக்கம் போகிறது, தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார். பாரம் தாங்குகிற பாதத்தை முதலில் வரை. அந்தப் பாதத்துக்கு நேர் மேலே கழுத்துக் குழி வர வேண்டும். தலையைக் கடைசியில் வைத்துக்கொள்.

நான் வாழ்நாள் பூராவும் தலையிலிருந்து ஆரம்பித்தவன். காலண்டர் சாமிகள் இரண்டு காலிலும் சமமாக நிற்பார்கள், அதுவே எனக்குப் பழகிவிட்டது. மனுஷன் அப்படி நிற்பதில்லை, நடப்பதும் இல்லை. பீரோக் கண்ணாடி முன்னால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன். என் வீட்டுக்காரி கதவோரம் நின்று, "இந்த வயசுல இன்னாத்துக்கு இந்த டான்ஸு?" என்று கேட்டாள். அவளையும் நிற்க வைத்து வரைந்தேன். அரை மணி நேரம் திட்டிக்கொண்டே நின்றாள்.

ஆனிப் பௌர்ணமியன்று சாயங்காலம் நாலு மணிக்கே கிரிவலப் பாதையில் ஒரு வேப்பமரத்தடியில் நோட்டோடு உட்கார்ந்தேன். ஜனம் வர ஆரம்பித்தது. ஒரு ஆள் என் எதிரே வந்து கடந்து போக எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? சரியாகப் பத்து விநாடி. ஸ்லோவான நெட்டைத் திட்டிக்கொண்டே பழகின கை, அங்கே அப்படியே ஓடியது. வெயிலில் காய்ந்த தார், எல்லோரும் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். பாதம் முதலில், தலை கடைசியில். சில பேருக்குத் தலை வைக்கவே நேரம் இல்லை.

அதில் முப்பது தாளை ஏற்றினோம். நர்ஸம்மா, இப்போது இவர்கள் நடக்கிறார்கள் என்று எழுதினார். பூனைக்காரர் மட்டும், விரல்கள் ரொம்ப அகன்றிருக்கின்றன, இது தப்பு என்றார். நான் கடைப் பெண்ணிடம் சொல்லி எழுத வைத்தேன்: "ஐயா, இதை மாத்த மாட்டேன். இவங்க ஷூ போட்டு வளர்ந்தவங்க இல்ல. சேத்துல ஊனி நடந்த விரலு அகண்டுதான் இருக்கும். பாதத்தைப் பார்த்தே யாரு கழனிலேர்ந்து வராங்க, யாரு ஆபீஸ்லேர்ந்து வராங்கன்னு நான் சொல்லுவேன்." மறுநாள் பூனைக்காரர் மன்னிப்புக் கேட்டிருந்தார். இன்னும் பாதங்கள் போடுங்கள், நாங்கள் பார்த்து வரைகிறோம் என்று நாலைந்து பேர் கேட்டிருந்தார்கள். கேட்டீர்களா? ஐந்தாவதில் பாதி படித்தவனிடம்.

ஆடி முழுக்க அந்தச் சுவரில் கிடந்தேன். நாற்பது பேரையும் இடுப்புக்குக் கீழே சுரண்டிவிட்டு மறுபடி வரைந்தேன். என்னிடம் வேலை பார்த்த ஒன்பது பேரும் கேட்டும் ஒருத்தரையும் பிரஷ் தொட விடவில்லை.

ஆவணியில் கல்யாணம். டீச்சரம்மா முகூர்த்தப் பரபரப்பில் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் சாப்பாட்டுக் கூடத்தில் ஓரமாக நின்றேன். சாப்பிட வந்தவர்கள் யாருக்கும் என் முகம் தெரியாது. கைகழுவ வந்த கீழ்பென்னாத்தூர்க் குடியானவர் ஒருவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"இந்தப் பச்சைத் துண்டுக்காரனைப் பாரு. இடது காலை ஊனாம போறான். கல்லு குத்திடிச்சி போலக்கீது, பாவம்."

"படம்யா அது" என்றார் மற்றவர்.

"படந்தான். ஆனா அவனுக்கு வலிக்குதுல்ல?"

திரும்பிப் பார்த்தேன். டீச்சரம்மா பட்டுப் புடவையும் கையில் வெற்றிலைத் தட்டுமாகப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "தரைக்கு எறங்கிட்டாங்க பெயிண்டர்" என்றார். தட்டை என் பக்கம் நீட்டினார்.

இவ்வளவு எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. சுவரின் இடது மூலையில், கீழே, என் பேரை எழுதியிருந்தேன். அதற்கடியில் சின்ன எழுத்தில், திருத்தம் சொன்னவர்கள் என்று, நர்ஸம்மாவையும் பூனைக்காரரையும், சர்க்கரை போட்டும் போடாமலும் படித்துச் சொன்ன அந்தக் கடைப் பெண்ணையும் எழுதியிருந்தேன். போன வருஷம் மண்டபத்தில் கூடுதலாக ஒரு வாஷ்பேசின் வைத்தார்கள், சரியாக அந்த மூலையில். இப்போது வருகிறவர்களிடம், மெட்ராஸ் ஆர்ட்டிஸ்ட் வரைந்தது என்று மேனேஜர் சொல்கிறாராம். இதைப் படிக்கிற மண்டபத்துக்காரருக்குச் சொல்கிறேன்: அந்த பேசினை இரண்டடி தள்ளி வையுங்கள். பேர் மறைந்தால் பரவாயில்லை என்று சொல்கிற ஆள் நான் இல்லை. எந்தக் காலில் நிற்கிறாய் என்று எங்கிருந்தோ ஒரு பெண் கேட்டார். என் வாழ்க்கையிலேயே எனக்கு உருப்படியாக உதவிய கேள்வி அதுதான், அதற்கு நான் எழுதிய பதில் அந்த மூன்று பேர்தான், அவர்கள் அந்த பேசினுக்குப் பின்னால் இருக்கிறார்கள்.