நாற்பத்தொன்றாம் கட்டம்

ஏழுமலையான் இருக்கிற திக்கைப் பார்த்துச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கில் புழு வைக்கட்டும். பட்டவர் வேதாச்சலம்; அவர் வாயாலேயே என் காதில் விழுந்தது.

ஆந்திர ராஜ்யம் பிறந்த இரண்டாம் வருஷம். புத்தூர் மதராஸ் பக்கமா, ஆந்திரா பக்கமா என்று பெரியவர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளத்தில் குடிசை போன நாற்பது குடும்பங்கள் ஒரு வேர்க்கடலைக் கிடங்கில் ஒண்டியிருந்தன. தண்ணீர்த் தொட்டி, கஞ்சி அண்டா, பின்னால் வெட்டிய கக்கூஸ் குழிகள்... எல்லாம் வேதாச்சலம் பொறுப்பு.

தரையில் சுண்ணாம்புக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு குடும்பம். கட்டம் இருந்தால் கஞ்சி உண்டு. முகாமின் சட்டம் அது. ஒழுகலில் அழிந்த கோடுகளை அன்று காலை திரும்பப் போட்டவர், கை தவறி நாற்பத்தொன்று போட்டுவிட்டார். மூலையில் ஒன்று காலி. அழிக்கச் சோம்பல்.

சுகாதார இன்ஸ்பெக்டர் ரங்கையா காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நாலு மணிக்கு வரேன். நாத்தம் வந்துச்சா, காலரான்னு எழுதி மூடிடுவேன்."

மூடினால் எல்லோரும் மழையில். நாற்பதாம் கட்டத்தில் ஒன்பது நாள் பிள்ளையோடு கிடந்த ருக்மணியும்தான்.

மதியம் 2.10. காலிக் கட்டத்திலிருந்து கிளம்பியது. செத்த பெருச்சாளியைப் புளித்த கஞ்சியில் ஊறப்போட்ட நாற்றம். வேதாச்சலம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

2.40. பினாயில் ஊற்றித் தேய்த்தார். நாற்றம் தடித்தது. கட்டத்துக்குள் கால் வைத்தால் சளி மாதிரி வழுக்கியது. கோட்டுக்கு வெளியே துளி ஈரமில்லை...

3.25. ருக்மணி சிரித்தாள். "இன்னா மாமா, நாய் மாதிரி மோந்துக்கினு திரியறே?"

"உனக்கு நாறல?"

"பினாயிலுதான் அடிக்குது. கொயந்த தூங்குது, அப்பால போ."

3.40. சர்ர்க்... சர்ர்க்...

காலிப் பாத்திரத்தை விரலால் வழிக்கும் சத்தம். காலிக் கட்டத்தில்.

3.52. அப்போதுதான் உறைத்தது. கட்டம் போட்டாயிற்று. கஞ்சி ஊற்றவில்லை.

அண்டாவின் அடியைச் சுரண்டித் தொன்னையில் வைத்தார்.

"துன்னு. துன்னுட்டுப் போயிடு."

சப்... சப்...

தொன்னை காலி.

காதோரம் ஓர் ஏப்பம். சூடாக. ஈரமாக.

நாற்றம் நின்றது.

4.00. ரங்கையா மூலை மூலையாக மோந்து பார்த்தார். "சுத்தமா கீது" என்று கையெழுத்துப் போட்டார். ஒரு குடும்பமும் தெருவுக்குப் போகவில்லை. வேதாச்சலம் அதன்பிறகு கஞ்சியைத் தொடவில்லை.

கக்கூஸ் பார்க்க அவரையே ஏன் பிடித்தீர்கள் என்று ரங்கையாவைப் பின்னொரு நாள் கேட்டேன்.

ஐந்து வயதில் அம்மை கண்டதிலிருந்து வேதாச்சலத்தின் மூக்குக்கு எந்த வாசனையும் தெரியாதாம்.