பேஸ்போல் அணியைக் கைகழுவப் போய்

டொரொண்டோவில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் போனில் ஒரு பேஸ்போல் விளையாட்டு நடத்துகிறார்கள். நிஜமான வீரர்களைத் தெரிந்தெடுத்து ஆளுக்கொரு அணி வைத்திருக்க வேண்டும். அவர்கள் நன்றாக ஆடினால் நமக்குப் புள்ளி.

ஒரு ஆள் குறைகிறது என்று லண்டன் ஹரோவில் இருக்கும் என்னையும் சேர்த்துவிட்டார்கள். பேஸ்போல் மட்டையை நான் நேரில் கண்டதுகூட இல்லை.

விலகவும் வழியில்லை. சொந்தத்தில் செத்தவீடு, பெண் பிள்ளைகளின் சாமத்தியவீடு என்று எல்லாச் செய்தியும் விளையாட்டு நடக்கும் அதே வாட்ஸ்அப் குழுவில்தான் வரும். வெளியேறினால், கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்பார்கள்.

இன்று வேலை முடிந்து வரும்போது வெம்ப்ளிக்குக் கிட்ட ரயில் நின்றுவிட்டது. நெரிசலில் கை அசைக்க இடமில்லை. டொரொண்டோவிலிருந்து பெரியம்மாவின் மகன் அழைத்தார்; நல்லவேளை, இயர்போன் காதில் இருந்தது.

"பிள்ளை, உம்மட பந்து எறியிற பெடியனுக்குத் தோள்மூட்டு விலகி ஒரு கிழமையாச்சு. இன்னும் அவனை அணியில வச்சிருக்கிறீர்."

"எனக்கு இது ஏலாது அண்ணை. என்னை விட்டிடுங்கோ."

"விடலாம். பதிலுக்கு ஒரு ஆளைத் தாரும்."

இங்கே கிங்ஸ்பரியில் இருக்கும் என் தம்பியின் பெயரைச் சொன்னேன். உடனே சம்மதித்தார். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

"ஓம், நல்லது. என்ர அம்மாவும் அப்பாவும் அடுத்த மாதம் லண்டன் வந்து தம்பி வீட்டிலதான் நிக்க இருந்தவை. அவனுக்கு இனி அணியைப் பாக்கவே நேரம் காணாது. அவை உம்மோட நிக்கட்டும். ரெண்டு மாதம்தானே. பேஸ்போலில ஆள் மாத்திறது இப்பிடித்தான்."

ரயில் இன்னும் நகரவில்லை.

பெரியம்மா, பெரியப்பா இருவரும் நல்ல சுகமாக இருக்கிறார்கள். லண்டனில் யாராவது மாற்றிக்கொள்ளத் தயாரா? தோள்மூட்டு விலகிய அந்தப் பெடியன் என்றாலும் பரவாயில்லை, என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.