முதலில் உங்களிடம்தான் சொல்வோம்

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அடுத்தவர் கஷ்டம் உறைக்காது என்று உங்களுக்குச் சொன்னது யார்? யாரோ சொன்னார்கள், நீங்களும் தலையாட்டிவிட்டீர்கள். செருப்பு வாங்கினால்கூடப் போட்டு நடந்து பார்க்கிற நீங்கள், இதை மட்டும் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வயது இருபத்து நான்கு. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலைக்குப் போனாள். மெஷினின் கீச்சொலியும் வெள்ளை விளக்கும் சேர்ந்து மண்டையைக் குடைய, சீக்கிரமே நின்றுவிட்டாள். 'அனுசரிச்சுப் போகத் தெரியாத பொண்ணு' என்று பெயர் வந்தது. பிறகு வீடே கதி. வாடகைக் கார் ஓட்டும் அண்ணன்தான் ஒருநாள் அந்த விளம்பரத்தைப் போனில் காட்டினான். பருவநிலை நீதிக்காகப் பாடுபடும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குத் தன்னார்வலர்கள் தேவை.

"சம்பளம் கிடையாது, வெயில் மட்டும் ஃப்ரீ. போறியா?" என்றான்.

போனாள். ஒருங்கிணைப்பாளர் நரைத்த கிராப்பு வெட்டிய, சிரித்த முகமுள்ள அம்மாள். ஏன் இந்த வேலைக்கு வர நினைக்கிறாய் என்று கேட்டார்.

"சூட்டை உண்டாக்கினவங்க ஏசியில இருக்காங்க. ஒண்ணும் பண்ணாதவங்க தகரத்துக்கு அடியில இருக்காங்க. அது சரியில்ல, மேடம்."

"அடப்பாவமே, இதைச் சொல்லத்தான் நாங்க வருஷா வருஷம் புத்தகம் போட்டுக்கிட்டு இருக்கோம்!"

அது கெட்ட இடம் இல்லை. அவள் மேசைக்கு மேலிருந்த டியூப்லைட்டைக் கழற்றினார்கள். பின்னால் வந்து தோளைத் தட்டாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார்கள். காலையில் குளித்துக் கிளம்பிப் போக அவளுக்கென்று ஓர் இடம் வந்தது. அவளைத் தேடுகிற, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கிற இடம். அதைத்தான் அவள் இழக்கப் போகிறாள்.

கிடங்குகளுக்குப் பின்னால் தகரக் கூரை வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் ஒரு தெரு. அங்கே வீடு வீடாகப் போய் வெப்பமானி மாட்ட வேண்டும். வாசலில் என்ன பேச வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் சொல்லிக் கொடுத்திருந்தார். கடைசி வரி இது: 'முடிவு தெரிஞ்சதும் முதல்ல உங்ககிட்டத்தான் சொல்வோம்.' ஒவ்வொரு வாசலிலும் அவள் அதைச் சொன்னாள்.

தையல் வேலை செய்யும் அக்கா ஒருத்தி, முகம் பார்த்துப் பேசாத இந்தப் பெண்ணை முதல் நாளே வம்புக்கு இழுத்தாள்.

"ஏம்மா, நான் இங்க நிக்கறேன், நீ சுவத்துக்கிட்ட பேசிக்கிட்டு இருக்கே?"

"சுவத்துக்கிட்ட பேசல அக்கா. உங்ககிட்டதான் பேசறேன். பாக்கறது மட்டும் சுவத்தை."

"நல்லா இருக்கே! என் வீட்டுக்காரரும் அப்படித்தான், டிவியைப் பாத்துக்கிட்டே எங்கிட்ட பேசுவாரு!"

வெப்பமானியோடு வரும் அவள், அன்றிலிருந்து அந்தத் தெருவுக்கு 'மீட்டரு'. அக்கா வீட்டில் தரை முழுக்க வெட்டிய துணி. அதனால் மூன்று வயது மகளை மத்தியானம் பரணில் ஏற்றித் தூங்க வைப்பாள். அவள் பரணிலும் ஒரு வெப்பமானி மாட்டினாள்.

அளவுகள் வந்து சேர்ந்தபோது பரணின் சூடு எல்லா வீட்டையும் மிஞ்சி நின்றது. குழந்தை எழுந்ததும் துவண்டு கிடப்பதையும், அக்கா அதைச் 'சோம்பேறிக் கழுதை' என்று கொஞ்சுவதையும் அவள் பார்த்திருக்கிறாள். அலுவலகக் கூட்டத்தில் கேட்டாள்.

"எப்போ போய்ச் சொல்லப் போறோம்?"

"அறிக்கை வெளியீட்டு விழா முடியட்டும்மா. நிதி தர்றவங்க, அதிகாரிங்க எல்லாரும் வராங்க. அதுவரைக்கும் எதையும் வெளிய விடக்கூடாது," என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"முதல்ல அவங்ககிட்டத்தான் சொல்வோம்னு சொன்னோம்."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றது."

"பேச்சுக்குன்னா?"

யாரோ சிரித்தார்கள். ஒருங்கிணைப்பாளர் சிரிக்கவில்லை. "இப்பவே சொன்னா வீட்டுச் சொந்தக்காரனுக்குத் தெரிஞ்சிடும். ஆளுங்களைக் காலி பண்ணிடுவான். விழாவுல எல்லாருக்கும் முன்னாடி சொன்னா அவனால முடியாது. கொஞ்சம் பொறு."

பொறுத்தாள். இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அந்தத் தெருவுக்குப் போய், குழந்தையைப் பரணில் போடாதீர்கள், அங்கே சூடு உயிருக்கு ஆபத்து என்று சொன்னாள்.

அக்கா குழந்தையை இறக்கி மடியில் போட்டுக்கொண்டாள். "உனக்கு இது எப்போ தெரியும்?"

"முந்தாநாளே தெரியும்."

"தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டு இருந்தே?"

பொய் சொல்லியிருக்கலாம். நீங்களும் நானும் சொல்லியிருப்போம். "ஆமா," என்றாள்.

தெரு கூடியது. கூரையை மாற்றிக் கொடு என்று சொந்தக்காரனிடம் போனார்கள். "சூடா இருந்தா குளுகுளுன்னு ஒரு இடமாப் பாத்துப் போ," என்று சொல்லி, முன்னால் நின்று பேசிய தையல்காரியைக் காலி செய்யச் சொன்னான். செய்தி பத்திரிகையில் வந்தது. விழா தள்ளிப்போனது. ஒருங்கிணைப்பாளர் பயந்தது நடந்துவிட்டது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் வீடு போகுமா, பிள்ளை போகுமா என்று எடைபோட வேண்டியவள் அந்தத் தாய். அவளுக்கே தெரியாமல் அவளுக்காக எடைபோட்டார்கள். பூமி சூடானதற்கு விதி காரணமில்லை; யாரையும் கேட்காமல் சிலர் எடுத்த முடிவுகள்தான் காரணம் என்று மேடைதோறும் முழங்குகிற நிறுவனம் இது!

அக்கா சாமான்களை வண்டியில் ஏற்றிய அன்று இவள் உதவிக்குப் போனாள். அக்கா தையல் மெஷினை அவளிடம் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

அண்ணன் காரில் வீட்டுக்குக் கூட்டிவந்தான்.

"நான் சொன்னது தப்பாண்ணா?"

"தப்பில்ல. ஆனா..."

"ஆனான்னா என்ன?"

அவன் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்ததும் அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

நிறுவனம் அவளை வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்தது. திரும்ப எடுத்துக்கொள்ளத் தயார்தான். ஒரு நிபந்தனை: அனுமதி இல்லாமல் தெரு மக்களிடம் எந்த முடிவையும் சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சரி, அப்படியானால் வாசலில் அந்தக் கடைசி வரியைச் சொல்லச் சொல்லாதீர்கள் என்றாள். அந்த வரி இல்லாவிட்டால் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள் என்று பதில் வந்தது. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது காலையில் குளிக்கிறாள், உடை மாற்றுகிறாள், கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருவதில்லை. அவளை ஒரேயடியாக நீக்குவதா என்று நிர்வாகக் குழு கூடிப் பேசப் போகிறது.

அந்தக் குழுவில் இருப்பவர்கள் உங்களைப் போலப் படித்தவர்கள், நல்லவர்கள். நீங்களும் எங்கேயாவது ஒரு சங்கத்தில், ஓர் அறக்கட்டளையில் இருப்பீர்கள். இப்படி ஒருத்தி உங்கள் முன்னால் வந்து நிற்பாள். அவளை வெளியேற்றக் கை தூக்கச் சொல்வார்கள். தூக்காதீர்கள். எழுந்து நின்று, வாசலில் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.